இஷாவுக்குள் தூங்கட்டும் பிள்ளைகள்

மண்ணடியில் கடை ஷட்டர்கள் இறங்க இரவு ஒன்பதரை ஆகிவிடும். கணக்கு முடித்து, கல்லாவைப் பூட்டி, ஒரு டீ குடித்து, மின்ட் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மூலக்கொத்தளம் வந்து சேரும்போது மணி பத்தேகால். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நிற்பவர் என்றால் பண்டிகை மாதங்களில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும் வீடு திரும்பும் நேரம் என்று ஒன்றே கிடையாது. கதவு திறந்ததும் இரண்டு வயதுப் பிள்ளை ‘அத்தா’ என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. நாளெல்லாம் நின்றே உழைத்தவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கையில் ஒரு பொட்டலம், மடியில் பிள்ளை, எதிரே டிவி. பிள்ளை கண்ணயரும்போது பதினொன்றரை.

மறுநாள் அது ஒன்பது மணிக்கு எழும். பத்துக்குப் பால், பதினொன்றுக்கு இட்லி. ஒரு மணிக்குச் சோறு வேண்டாம் என்று அடம். நாலு மணிக்குச் சுருண்டு படுத்து ஆறு மணிக்கு எழுந்தால், இரவு பத்துக்கு அதற்கு நடுப்பகல். ‘எம் புள்ள ராத்திரியில தூங்கவே மாட்டேங்குது, அவ்ளோ சேட்டை’ என்கிறாள் தாய். அது சேட்டை என்று எனக்குத் தோன்றவில்லை. கடைத்தெரு நேரத்துக்குப் பிள்ளையைப் பழக்கியது நாம்தான்.

கணக்குப் பார்த்தால் தூக்கம் அப்படியொன்றும் குறையவில்லையே என்று யாரும் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13. பதினொன்றரைக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுந்து, மாலையில் இரண்டு மணி நேரம் தூங்கினால் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும். ஆனால் மூலக்கொத்தளத்தில் யார் பிள்ளையை ஒன்பது மணிவரை நிம்மதியாகத் தூங்க விடுகிறார்கள்? காலை ஆறு மணிக்கே தண்ணீர்க் குடங்கள் உருளத் தொடங்கும், மிக்ஸி ஓடும், பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் கூவும். அரைத்தூக்கத்தில் எழுந்த பிள்ளை நாள் முழுக்கச் சிணுங்கும். அதே வழிகாட்டுதல் மணிக்கணக்கோடு நிற்கவில்லை, தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் தினமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைத்தான் நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

வெளியூர்க்காரர்களுக்கு மூலக்கொத்தளம் என்றால் 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான இடம். இங்கேயே இருப்பவர்களுக்கு அது வாரியக் குடியிருப்பு, ஒண்டுக் குடித்தனம், ஒரே அறையில் ஆறு பேர். ‘குழந்தைக்குத் தனி அறை, மங்கிய வெளிச்சம், அமைதியான சூழல்’ என்று ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து எழுதப்படும் வளர்ப்புக் குறிப்புகளை இங்கே யாரிடம் போய்ச் சொல்வது? இங்கே நடக்கக்கூடியது எது என்பதுதான் கேள்வி. பதில் வெகுதூரத்தில் இல்லை. ஒரு முஸ்லிம் வீட்டில் நாளைப் பிரித்துக் காட்ட ஏற்கெனவே ஒரு தொழுகை அழைப்பு இருக்கிறது.

பாங்கு.

ஐந்து பாங்கு, ஒரு நாள்

இரண்டு வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்பது மட்டும் தெரியும். செருப்பை எடுத்தால் வெளியே போகிறோம், குக்கர் விசில் அடித்தால் சோறு வரப்போகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளில் ஐந்து முறை, தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒரே குரலில் அடையாளம் கிடைக்கிறது. சுவரில் ஒட்டும் வண்ண அட்டவணை எதற்கு?

சென்னைக்கு இதில் ஒரு கொடுப்பினையும் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நவம்பர் கடைசியில் சூரியன் ஐந்து நாற்பதை ஒட்டி மறைகிறது, ஜூலையில் ஆறு நாற்பதை ஒட்டி. வருஷம் முழுக்கச் சேர்த்தே அந்தித் தொழுகையான மக்ரிப் நகர்வது ஒரு மணி நேரம்தான். சிங்கப்பூரில் அதுவும் கிடையாது. எப்போதும் ஏழு மணியை ஒட்டியே. லண்டனில் பிள்ளை வளர்க்கும் நம் ஆட்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே மக்ரிப், ஜூனில் இரவு ஒன்பது இருபதுக்கு. அங்கே தொழுகையை வைத்துப் பிள்ளையைத் தூங்க வைக்க முடியாது. இங்கே முடியும். மக்ரிபுக்கு வீட்டுக்குள், இரவுத் தொழுகையான இஷாவுக்குப் படுக்கை. இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

‘இஷாவுக்கு முன்னாடி தூங்கக் கூடாதுன்னு ஹதீஸ் இருக்கே’ என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லக்கூடும். நபிகள் நாயகம் இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் விரும்பவில்லை என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது, உண்மைதான். முதல் பாதி தொழக் கடமைப்பட்டவர்களுக்கு. இரண்டாவது பாதியை நாம் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறோம் என்பதை டிவி இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்லலாம்.

ஏழு வயதுக்கு முன்

பிள்ளைகளுக்கு ஏழு வயதானால் தொழச் சொல்லுங்கள் என்பது அபூதாவூதில் உள்ள பிரபலமான ஹதீஸ். அதில் பத்து வயதில் கண்டிப்பது பற்றிய பகுதியை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏழு என்ற எண் இருக்கிறதே, அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஏவலே இல்லை. நம் பக்கத்து உருது வீடுகளில் பிள்ளைக்கு நாலு வருஷம் நாலு மாசம் நாலு நாள் ஆனதும் பிஸ்மில்லா ஓதி எழுத்தைத் தொடங்கி வைக்கும் வழக்கம் உண்டு. அது மார்க்கச் சட்டமல்ல, முன்னோர் வைத்த வழக்கம். ஆனாலும் அவர்கள் கணக்கு எவ்வளவு நிதானமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

இப்போதோ இரண்டரை வயதுப் பிள்ளை கேமராவைப் பார்த்து ஸூரா ஓதும் வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. பார்த்த தாய்க்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுநாளே கையில் போன், அதில் அரபு எழுத்துப் பாட்டு, கண் சிமிட்டும் ஒட்டகம். ‘கார்ட்டூன் இல்லீங்க, தீனுதான் பாக்குறான்’ என்று ஒரு சமாதானம். கண்ணுக்கும் மூளைக்கும் அது தீன் என்று தெரியாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஒட்டகம் ஸலாம் சொன்னாலும் கணக்கு அதேதான்.

சின்னப் பிள்ளைக்கும் தொழுகைக்கும் என்ன உறவு என்பதை நபியவர்களின் வீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மகள் ஸைனபின் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதிருக்கிறார். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டார். பேரன் முதுகில் ஏறிக்கொண்டபோது, அவன் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவை நீட்டித்ததாக நஸயீயில் இருக்கிறது. பின்னால் தொழும் தாயின் குழந்தை அழும் சத்தம் கேட்டால் தொழுகையையே சுருக்கினார். வழக்கங்களை மென்மையாகப் பழக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை. தாய் முசல்லாவை விரித்தால் பிள்ளை வந்து நடுவில் படுக்கும். தஸ்பீஹைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். ஸஜ்தாவில் முதுகில் ஏறும். ஏறட்டும். விரட்டாதீர்கள். ‘உஷ், தொழுறேன்ல’ என்று அதட்டி வளர்த்த பிள்ளைக்குத் தொழுகை என்பது அம்மா தன்னைத் தள்ளிவிடும் நேரமாக மனதில் பதிந்துவிடும்.

காலையிலிருந்து அஸர் வரை

சுபுஹுக்குப் பிள்ளையை எழுப்ப வேண்டாம். தானாக எழுந்தால் சரி. ஏழு மணிக்கு மேல் தூங்க விடவும் வேண்டாம். முதல் நான்கைந்து நாட்கள் அழுகை இருக்கும், பிறகு பழகிவிடும். இரவு சீக்கிரம் தூங்க வைப்பது காலையில் எழுப்புவதிலிருந்துதான் தொடங்குகிறது. இரவில் போராடுகிறவர்கள் காலையில் பரிதாபப்பட்டு விட்டுவிடுவதால்தான் தோற்கிறார்கள்.

எழுந்ததும் வடசென்னையில் பிள்ளைக்குக் கிடைப்பது டீயும் பொறையும். டம்ளரில் டீயை ஆற்றி, பொறையை நனைத்து ஊட்டுவார்கள். எனக்கும் பொறை பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் டீ உடம்பில் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். வயிறு நிரம்பியதுபோல் காட்டி இட்லியைத் தள்ளிப்போடும். எட்டு மணிக்குள் இட்லியோ, சத்துமாவுக் கஞ்சியோ, முட்டையோ போய்விட்டால் மதியச் சோற்றுக்குப் பசி வரும். சாப்பாட்டு நேரம் சண்டையில்லாமல் கழிய வேறு மந்திரம் கிடையாது. பிஸ்மில்லா சொல், வலது கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதை எடு என்று தட்டில் கையை அலையவிட்ட சிறுவன் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு நபியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றே சின்ன விஷயம். அதையும் இரண்டு வயதில் ஒன்று ஒன்றாகத்தான் பழக்க முடியும். இடது கையை நீட்டினால் தட்டிவிடாமல், உணவை வலது கைப்பக்கம் நகர்த்தி வைத்தால் போதும்.

அடுத்தது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்தாலே பிள்ளையைச் சேர்க்கலாம். பாட்டு, விளையாட்டு, சூடான சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, எடை பார்ப்பது எல்லாம் இலவசம். தனியார் ப்ளே ஸ்கூலுக்குக் கடன் வாங்கிக் கட்டுபவர்கள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தாய்க்குக் கிடைக்கும் அந்த மூன்று நான்கு மணி நேர மூச்சையும் நான் ஒரு பலனாகவே சேர்த்துக்கொள்கிறேன்.

லுஹர் பாங்கோடு சோறு, பிறகு தூக்கம். மதிய ஓய்வு நம் மார்க்கத்தில் அங்கீகாரம் பெற்றது. குர்ஆனில் அந்நூர் அத்தியாயம், வீட்டுக்குள் பிள்ளைகளும் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று நேரங்களில் ஒன்றாக, உடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலைச் சொல்கிறது. மே மாதச் சென்னை வெயிலில் வேறு வேலையும் ஓடாது.

இந்தத் தூக்கத்தை எப்போது முடிப்பது என்பதில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. வடசென்னையில் ஷாஃபி பள்ளிவாசலும் இருக்கிறது, ஹனஃபி பள்ளிவாசலும் இருக்கிறது. ஷாஃபி அஸர் பாங்கு மூன்றரையை ஒட்டிக் கேட்கும். ஹனஃபி அஸர் அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து. முதல் அஸருக்குப் பிள்ளையை எழுப்பிவிட வேண்டும். இரண்டாவது அஸருக்கு வெயில் தாழ்ந்திருக்கும், படியிறங்கி வெளியே அழைத்துப் போகலாம். மத்ஹபு வேறுபாட்டால் பெரியவர்களுக்குள் எத்தனையோ வாக்குவாதம் நடந்திருக்கிறது. சின்னப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அது லாபம்.

வெளியே என்றால் எங்கே என்று கேட்காதீர்கள். பூங்கா இல்லாவிட்டால் அடுக்ககத்தின் தாழ்வாரம், மொட்டை மாடி, பள்ளிவாசல் முற்றம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குருவி செத்துப்போன துக்கத்தில் இருந்த சிறுவன் அபூ உமைரிடம் அந்தக் குருவியைப் பற்றி நின்று விசாரித்தவர் நம் நபி. பிள்ளையின் விளையாட்டைச் சில்லறை விஷயமாக நினைக்க நமக்கு உரிமையில்லை.

மக்ரிபுக்குப் பிறகு ஒரு குடம்

‘மக்ரிபு நேரம்டா, ஷைத்தான் சுத்துற நேரம், உள்ள வா!’

தாழ்வாரத்தில் நன்னிமார்களின் இந்தக் குரல் கேட்காத மாலை இல்லை. அவர்கள் சும்மா சொல்லவில்லை. இருள் சூழும்போது பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பயமுறுத்தலை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வயதில் ஷைத்தான் என்றதும் பிள்ளை ராத்திரி முழுக்கத் திடுக்கிட்டு எழும். ‘பாங்கு சொல்லிட்டாங்க, வீட்டுக்குப் போலாம்’ என்றாலே கால் தானாக நடக்கும், தினமும் அதே நேரத்தில் நடந்தால்.

ஆனால் அந்த ஹதீஸ் அதோடு முடியவில்லை. அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவைச் சாத்துங்கள், தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டுங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்று தொடர்கிறது. ஒரு சின்னப் பிள்ளையைத் தூங்க வைக்க இதைவிட அழகான வரிசையை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதிவிட முடியாது என்று எனக்குப் படுகிறது.

நம் வீட்டில் அதை அப்படியே செய்யலாம். ஆறரை மணிக்கு மக்ரிப் முடிந்ததும் இரவுச் சாப்பாடு, ரசம் சோறோ பருப்புச் சோறோ. பிறகு வெந்நீரில் ஒரு குளியல் அல்லது ஈரத்துணியால் துடைப்பு. தேங்காய் எண்ணெய் தொட்டுக் காலை நீவிவிடுவது. அதன்பின் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அடுப்படியில் பச்சையும் மஞ்சளுமாக வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களில் ஒன்று அதற்குச் சொந்தம். சில்வர் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், கொஞ்சம் கோணலாக, ‘மில்லா’ என்று சொல்லி மூடும். தட்டு நழுவினால் மறுபடி எடுத்து வைக்கும். வாளியையும் மூடச் சொல்லுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் திறந்த வாளி உயிருக்கே ஆபத்து. பிறகு கதவு. கடைசியில் தூக்கிப் பிடித்தால் லைட் ஸ்விட்ச். விளக்கை அணைப்பது தான்தான் என்ற பெருமையில் இருட்டைப் பற்றிய பயம் பாதி குறைந்துவிடும். அப்புறம் தொட்டிலோ பாயோ, முதுகில் தட்டியபடி லாயிலாஹ இல்லல்லாஹ் என்ற இழுவை. நம் பாட்டிமார்கள் அதைத்தான் தாலாட்டாக வைத்திருந்தார்கள்.

இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஜோடி மின்டெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2009-ல் 405 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வில், குளியல், உடம்பு நீவுதல், அமைதியான ஒரு செயல் என்ற வரிசையை இரவுதோறும் பின்பற்றிய பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இடையில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் தேறியது. விளக்கு விஷயத்தில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு நம்மை யோசிக்க வைக்க வேண்டும். தூக்கத்துக்கு முன் ஒரு மணி நேரம் பளீர் வெளிச்சத்தில் இருந்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு ஏறக்குறைய 88 சதவீதம் அடங்கிப்போனது. ஒரே அறை வீட்டில் டியூப் லைட்டும் டிவியும் எரிய, ‘தூங்குடா தூங்குடா’ என்றால் அந்த உடம்பு எப்படித் தூங்கும்?

அத்தாவை என்ன செய்வது?

எல்லாம் சரி, பத்தேகாலுக்கு வருபவர்? இங்கேதான் வீட்டுக்குள் தகராறு.

‘பகலெல்லாம் ஒழச்சிட்டு வர்றான். புள்ள மொகத்தப் பாக்காம அவனுக்குச் சோறு எறங்குமா?’ என்பார் மாமியார்.

‘காலையில பாத்துக்கட்டும் மாமி. ஏழு மணிக்கு எழுந்து அவரு மேலதானே ஏறி உக்காரப் போறான்’ என்பாள் மருமகள்.

நான் மருமகள் கட்சி. மாமியார் சொல்வது பாசத்தில் பேசுவது, மறுக்கவில்லை. ஆனால் இரவு பத்தேகாலில் தந்தைக்குக் கிடைப்பது களைத்த உடம்பும், கண்கள் சொக்கிய பிள்ளையும், நடுவில் ஒரு டிவியும்தான். கடைக்காரருக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை தன் நேரம். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, இட்லி ஊட்டுவது, அங்கன்வாடியில் விடுவது மூன்றையும் தந்தை எடுத்துக்கொண்டால் உறவும் வளரும், தாய்க்கும் ஓய்வு கிடைக்கும். தனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபியவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அந்த முத்தத்தைக் காலையில் கொடுக்கலாம். இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர் மாலை விளையாட்டைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

மின்டெல் குழுவே 17 நாடுகளிலும் பகுதிகளிலும் 29,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றித் திரட்டிய விவரத்தில் நியூசிலாந்துப் பிள்ளைகள் ஏழரைக்கே படுத்துவிடுகிறார்கள், ஹாங்காங் பிள்ளைகள் பத்தேகாலுக்கு. இந்தியாவையும் சேர்த்து ஆசியாவெங்கும் தாமதம்தான். பெற்றோரோடு ஒரே அறையில் தூங்குவதும் ஆசிய வழக்கம், அதில் குற்றமொன்றும் இல்லை. தூங்கும் இடத்தை மாற்ற முடியாதவர்கள் தூங்கும் நேரத்தையாவது மாற்றலாம். ஒரேயடியாக வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் இழுத்துக்கொண்டே வந்தால் ஒன்றரை மாதத்துக்குள் இஷாவுக்கு வந்துவிடலாம்.

ரமலானில் எல்லாம் தலைகீழாகும் என்பார்கள். ஆகத்தான் செய்யும், ஆனால் முழுதாக இல்லை. நோன்பு திறக்கும் நேரம்தான் பிள்ளையின் இரவுச் சாப்பாட்டு நேரமும். காரம் குறைத்த நோன்புக் கஞ்சி அரிசியும் பாசிப்பருப்புமாக அதற்கு அருமையான உணவு. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, மசித்துக் கொடுங்கள். தராவீஹுக்கு இருவரும் போக முடியாது, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஸஹர் சத்தத்தில் பிள்ளை விழித்தால் லைட்டைப் போடாமல் தட்டித் தூங்க வைத்துவிடுங்கள். நள்ளிரவில் எம்.சி. ரோட்டில் பெருநாள் துணி எடுக்க இரண்டு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு அளவுத்துணி எடுத்துப் போனால் போதும்.

பள்ளிவாசல் இமாம்களுக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ பயானில் ஏழு வயது ஹதீஸைச் சொல்லும்போது, அதற்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். உமாமாவைச் சுமந்த தோளைப் பற்றிச் சொல்லுங்கள், குடத்தை மூடும் ஹதீஸைச் சொல்லுங்கள், இஷாவுக்குப் பின் பேச்சைக் குறைக்கச் சொன்னதையும் சொல்லுங்கள். தாய்மார்கள் வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் எடுபடாத விஷயம், மிம்பரிலிருந்து தமிழில் ஒருமுறை சொன்னால் ஆண்கள் காதில் ஏறும்.